எலும்பியின் கடைசி அறை

"ஊ... ஊஊ... ஊஊஊவ்!"

ஒலிபெருக்கி கிழிந்துவிடும் போல ஓர் ஊளை. அக்காவின் கையிலிருந்த தட்டில் டீக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குலுங்கின. அவள் சத்தம் வந்த பக்கம் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்தாள். அது பழக்கம். சத்தம் எங்கிருந்து வந்தாலும் அவள் கண் முதலில் போவது கதவுக்குத்தான்.

மற்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு! எலும்பி காலி!" என்று மேசையைத் தட்டினான் டமாரம். "பொறுக்குங்கப்பா, பொறுக்குங்க!"

பெரிய திரையில், கறுப்புப் பின்னணியில், பச்சைக் கட்டங்களால் ஆன ஒரு குட்டி எலும்புக்கூடு கடகடவென்று உதிர்ந்து தரையில் சிதறியது. மண்டையோடு மட்டும் தனியாக உருண்டு போய்க் கட்டிலுக்கடியில் நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு சின்னப் பலகை எட்டிப்பார்த்தது: 'மன்னிச்சுக்கோங்க ஐயா.' அதற்கு இன்னொரு சிரிப்பலை எழுந்தது.

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

இது அவள் தம்பியின் அலுவலகம். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இரண்டே அறைகள். வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிறார்கள். அதுவும் அந்தக் காலத்து மாதிரி: கட்டம் கட்டமாக உருவங்கள், கைவிரலில் எண்ணிவிடும் நிறங்கள், பீப் பீப் என்று சங்கீதம். 'பழசுக்குத்தான் இப்ப மவுசு' என்பான் தம்பி. நிரல் எழுதுவது அவன். சத்தமெல்லாம் டமாரத்தின் பொறுப்பு. அந்த ஊளைகூட அவன் சொந்தத் தொண்டைதான். மூன்றாவது ஆள் நோண்டி. எந்த விளையாட்டைக் கொடுத்தாலும் நோண்டி நோண்டி ஓட்டை கண்டுபிடித்துவிடும் பெண். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

புது விளையாட்டின் பெயர் 'ஐயா தூங்குறார்.' ஐயா ஒரு பேய். பூசணிக்காய் முகம், முறுக்கு மீசை, கோடு போட்ட இரவு உடை. எலும்பி அந்த வீட்டு வேலைக்காரி. ஐயாவை எழுப்பாமல் வேலைகளை முடித்து, ஒவ்வோர் அறையாகக் கடந்து, தெருக்கதவைத் திறந்து வெளியே போய்விட வேண்டும். ஐயா எழுந்துவிட்டால் ஊளைதான். எலும்பி உதிர்ந்துவிடுவாள். ஒவ்வொரு தடவை உதிரும்போதும் ஒரு எலும்பு குறையும். கை இல்லாமல், கால் இல்லாமல், கடைசியில் மண்டையை உருட்டிக்கொண்டே வேலை செய்வாள். பார்ப்பவர்களுக்கு வயிறு வலிக்கும்.

ஐயா எதற்கெல்லாம் எழுவார் என்பதுதான் புதிர்.

அந்தப் புதிர்கள் எல்லாமே அக்காவுடையவை.

ஆரம்பித்தது போனில். "பேய் ரெடிக்கா, வீடு ரெடி. பேய் எதுக்கு முழிச்சுக்கணும்னுதான் ஒண்ணும் தோண மாட்டேங்குது. கதவு கிறீச்சுன்னா முழிச்சுக்கும்னு வச்சா, எல்லாப் பேயும் அதுக்குத்தான் முழிக்குது" என்று தம்பி புலம்பினான். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "கப்போட காது ஜன்னல் பக்கம் பார்க்காம இருந்தா முழிச்சுக்கும்."

மறுமுனையில் வெடிச்சிரிப்பு. "எப்படிக்கா! எங்கேருந்து பிடிக்கிறே இதையெல்லாம்!"

"சும்மா தோணிச்சு" என்றாள்.

கத்தியைக் கீழே வைத்தாள். அந்தக் கப்பின் காதுக்காக அவள் கன்னம் வீங்கியிருக்கிறது. அதைக் கேட்டு ஒருவன் சிரிக்கிறான். அவன் சிரிக்கச் சிரிக்க, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கியது போல இருந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் தம்பிக்கு ஒரு போன், ஒரு புதிர். குழாய் சொட்டினால் ஐயா எழுவார். குழாயை இறுக்கி மூடினாலும் எழுவார், 'என்ன கோபம் உனக்கு?' என்று. கதவைச் சாத்தினால் 'எதை மறைக்கிறே?' திறந்து வைத்தால் 'யாருக்குக் காட்டறே?' சொல்லச் சொல்லத் தம்பி சிரித்துப் புரளுவான். "உனக்குள்ள இப்படி ஒரு பைத்தியக்காரக் கற்பனை இருக்கும்னு தெரியாமப் போச்சே!"

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "என் பேரு எங்கேயும் வரக்கூடாது. உங்க மாமாகிட்ட மூச்சு விடக்கூடாது."

அக்காவுக்குக் கூச்சம் என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

இன்றைக்கு மதியம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு விளையாட விட்டிருந்தார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே முழிக்கிறார்கள் என்று பார்க்க. டீ போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் அக்கா வீட்டில் அனுமதி வாங்கியிருந்தாள்.

"அக்கா, அந்தக் கடைசி அறை" என்று டீயை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள் நோண்டி. புதிர்களுக்குச் சொந்தக்காரி யார் என்று இவளுக்குத் தெரியாது. "நானும் கீபோர்டுல எல்லாச் சாவியையும் அழுத்திப் பார்த்துட்டேன். ஓடினாலும் உதிருது, ஒளிஞ்சாலும் உதிருது, மன்னிப்புக் கேட்டாலும் உதிருது. உங்க தம்பி விடையைச் சொல்ல மாட்டேங்கறார். சத்தியமா அது ஓட்டைதான்."

"ஓட்டை இல்லை" என்றான் தம்பி. அக்காவைத் தனியே ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான். "அவ சொல்றதுலயும் நியாயம் இருக்குக்கா. மூலையில போய் உக்காந்து, எந்தச் சாவியையும் தொடாம, ஊளை ஓயற வரைக்கும் கையை எடுத்துடணும்னு விடை வச்சிருக்கே. விளையாட வந்தவன் எவனாவது கையை எடுப்பானா? உலகத்துல ஒருத்தன் கண்டுபிடிக்க மாட்டான். மாத்திடலாமா?"

"வேணாம்."

"ஏன்க்கா?"

"அது அப்படித்தான்டா" என்றாள். இத்தனை நாளில் அவள் பிடிவாதம் பிடித்த ஒரே இடம் அதுதான். அந்த அறைக்கு அப்பால்தான் தெருக்கதவு இருந்தது.

தம்பி தோளைக் குலுக்கினான். "சரி, உன் இஷ்டம். அப்புறம், உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மாடிப்படியில் காலடி கேட்டது. கனமான காலடி, நடுவில் ஒரு செருமல். அந்தச் செருமலை அக்கா தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லிவிடுவாள்.

"மாமாவைக் கூப்பிட்டேன்!" என்று கண்ணடித்தான் தம்பி. "நீ என்ன வேலை செஞ்சேன்னு சொல்ல மாட்டேன், பயப்படாதே. வந்து விளையாடிட்டுப் போகட்டுமே. எங்களையெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்கன்னு சொல்றாரில்லே?"

கதவு திறந்தது. "என்னப்பா, பேய் வீட்டுக்கு வழி இதுதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். வெளியில் அவர் அப்படித்தான். போகிற இடமெல்லாம் கலகலப்பு. கையில் பிஸ்கட் பாக்கெட்டுகள், சட்டையில் லேசான வெள்ளைப் புழுதி. டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர். ஒவ்வொரு டைலையும் விரலால் சுண்டுவார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

"வாங்க மாமா, உக்காருங்க!" தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அக்கா முந்திக்கொண்டாள். "களைச்சுப் போய் வந்திருப்பீங்க. வீட்டுக்குப் போகலாமே. நான் கிளம்பிட்டேன்."

அவர் அவள் பக்கம் குனிந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "நான் எப்பக் கிளம்பணும்னு நீ சொல்றியா? சரி. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

பிறகு நிமிர்ந்து, "எங்கே, காட்டுங்க உங்க பேயை!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா டீத் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். முதல் அறையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கப்பைப் பார்த்த உடனே இந்தப் பக்கம் திரும்புவார். திரும்பி ஒன்றும் சொல்ல மாட்டார். சிரிப்பார். மிச்சமெல்லாம் வீட்டில்.

திரையில் சமையலறை வந்தது. மேசை மேல் ஒரு கப்பு. எலும்பி நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"இங்கதான் எல்லாரும் விழுவாங்க சார்" என்றாள் நோண்டி. "குறிப்பு வேணும்னா கேளுங்க."

"இரும்மா." அவர் திரையைக் கூர்ந்து பார்த்தார். சாவிகளைத் தட்டினார். எலும்பி போய்க் கப்பின் காதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். டிங் என்று மணி அடித்தது. கதவு திறந்தது.

"அட!" என்றான் டமாரம். "முதல் தடவையிலேயேவா!"

அவர் திரும்பவில்லை. "கப்பை வேற எப்படி வைப்பாங்க?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது குழாய். சொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அதை மூடிவிட்டு உதிர்ந்தவர்கள்தான். அவர் அதன் கீழே ஒரு துணியை மடித்துப் போட்டார். டிங். கதவு அறை. பாதி திறந்து, பாதி சாத்தி, நடுவில் ஒரு செருப்பை முட்டுக்கொடுத்தார். டிங். போன் அடிக்கும் அறை. ரிசீவரை எடுத்தார், பேசவில்லை. ஐயா தூக்கத்தில் 'யாரு?' என்று கேட்கும் வரை காத்திருந்தார். டிங்.

கைதட்டல் கிளம்பியது. யாரோ விசில் அடித்தார்கள். "சார், நீங்க ஏற்கெனவே விளையாடியிருக்கீங்க!" என்றான் டமாரம்.

"நான் எங்கப்பா விளையாடறது? வாழ்க்கையில முதல் தடவையா இதைத் தொடறேன்." அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இந்த எலும்பிக்குத்தான் அறிவில்லை. அந்த மனுஷன் பாவம், நியாயமாத்தானே கேக்கறான்? நாள் பூரா உழைச்சுட்டு வந்தவன் நிம்மதியாத் தூங்க வேண்டாமா?"

எல்லோரும் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை! கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவனுக்காகப் பரிந்து பேசுகிறார். ஒரு கணம் தப்பித்தோம் என்று இருந்தது. அடுத்த கணம் அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. இவர் இப்படியே போனால் கடைசி அறைக்கும் போவார். அங்கேயும் இவருக்கு விடை தெரியும். உலகத்தில் ஒருத்தன் கண்டுபிடிக்க மாட்டான் என்று தம்பி சொன்னானே, அந்த விடை.

கம்ப்யூட்டரின் சுவிட்சுப் பலகை அவள் காலருகில்தான் இருந்தது. கால் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் திரை அணைந்துவிடும். மெதுவாகக் காலை நகர்த்தினாள்.

"அங்க என்ன பண்றே?" திரும்பாமலே கேட்டார். "இப்படி வந்து நில்லு."

வந்து நின்றாள், அவர் தோளுக்குப் பின்னால். வீட்டில் அவர் சாப்பிடும்போது நிற்கும் இடம்.

அது சிரிப்பு அறை. ஐயா தூக்கத்தில் ஒரு ஜோக் சொல்வார். அறையில் இருக்கும் நாற்காலி, விளக்கு, பல்லி எல்லாம் சிரிக்கும். எலும்பியும் சிரித்தாக வேண்டும். முதலில் சிரித்தால் 'என்னை முந்தறியா?' சிரிக்காவிட்டால் 'என்னை மட்டம் தட்டறியா?' நோண்டி இந்த அறையில் கிடந்து மல்லாடியவள்.

அவர் விளக்கு சிரிக்கும் வரை பொறுத்தார். அப்புறம் எலும்பியைச் சிரிக்க வைத்தார். சிரிப்பதற்கு முன்னால் அவள் எலும்புக் கையைத் தூக்கி அவள் வாயைப் பொத்த வைத்தார்.

டிங்.

"அது எப்படி சார் தோணிச்சு, வாயைப் பொத்தணும்னு?" நோண்டியின் குரலில் இப்போது விளையாட்டு குறைந்திருந்தது.

"பொம்பளை சிரிக்கிறப்ப பல்லு தெரியலாமாம்மா? மரியாதை வேண்டாம்?"

தம்பி சிரிப்பதற்காக வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. அவன் அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்த அக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் எப்போது போனாலும், என்ன ஜோக் சொன்னாலும், கொஞ்சம் தாமதித்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அக்கா.

"அக்கா..." என்றான். அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

அவள் டீத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'என்னைப் பார்க்காதேடா' என்று மனதுக்குள் கெஞ்சினாள். 'அவர் பார்த்துவிடுவார். என்னைப் பார்க்காதே.'

திரையில் கடைசி அறை வந்துவிட்டது.

வெற்று அறை. மேசை இல்லை, கப்பு இல்லை, குழாய் இல்லை. செய்ய வேலையும் இல்லை, தவறு செய்ய வழியும் இல்லை. அந்தப் பக்கச் சுவரில் தெருக்கதவு மட்டும். எலும்பி உள்ளே கால் வைத்ததுமே ஐயா எழுந்துவிட்டார். பூசணி முகம் திரை முழுக்க வீங்கியது. மீசை சாட்டை போலச் சுழன்றது.

"ஊஊஊவ்!"

"இதுதான் சார் ஓட்டை அறை" என்றான் டமாரம். "இதுல எல்லாரும் அவுட்."

"மாமா, போதும்" என்றான் தம்பி திடீரென்று. "இதோட நிறுத்திக்கலாம். டீ ஆறுது."

"இருடா, இவ்வளவு தூரம் வந்துட்டு! உங்க புதிரை ஒருத்தன் உடைச்சுட்டான்னா உனக்குப் பொறுக்கலையா?"

எலும்பி ஓடவில்லை. கதவுப் பக்கம் போகவில்லை. மன்னிப்புப் பலகையைக் காட்டவில்லை. சாவி மேல் சாவியாக அவர் அழுத்த, அவள் நேரே அறையின் மூலைக்குப் போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் சாவிப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஊளை அறையைக் குலுக்கியது. டமாரம் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்த ஊளை. இப்போது அவனாலேயே அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை போலும், நெளிந்தான். யாரும் சிரிக்கவில்லை. ஐயா எலும்பியின் தலைக்கு மேல் நின்று ஊளையிட்டார், ஊளையிட்டார், ஊளையிட்டுக்கொண்டே இருந்தார். பச்சைக் கட்டங்களால் ஆன அந்தச் சின்ன முதுகு அசையவே இல்லை. கடைசியில் ஊளை தேய்ந்து, முனகலாகி, குறட்டையானது. பூசணி முகம் சுருங்கியது.

டிங்.

தெருக்கதவு திறந்தது. வெளியே கட்டம் கட்டமாக ஒரு சூரியன். எலும்பி எழுந்து, தன் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டினாள்.

கைதட்டல் எதுவும் வரவில்லை.

"என்னப்பா, ஜெயிச்சவனுக்கு ஒரு கைதட்டல்கூடக் கிடையாதா?" அவர் நாற்காலியைச் சுழற்றினார். முகமெல்லாம் பெருமை.

நோண்டி அவரையே பார்த்தாள். தம்பி திரையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அக்காவுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் தலையை நிமிர்த்தினாள். தம்பியின் கண் கலங்கியிருந்தது. இந்த முறை அவள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. டீத் தட்டை மேசை மேல் வைத்தாள்.

"சார்" என்றாள் நோண்டி மெல்ல. "கையை எடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"இதுல என்னம்மா புதிர் இருக்கு?" என்று சிரித்தார் அவர். "கோவம் வந்தா குறுக்கே பேசக்கூடாது, மூலையில உக்காந்துடணும், தானா அடங்கிடும். வேணும்னா எங்க வீட்டம்மாவைக் கேளுங்க, மூச்சுச் சத்தம்கூட வராம என்ன அழகா உக்காருவா தெரியுமா!"